சருகும் வானமும்: சிங்கையில் காட்டுத்தீ இடரைக் கணித்த வரலாறு

சிங்கப்பூரில் காட்டுத்தீயா என்று வியப்போர் பலர். ஆண்டொன்றுக்கு இரண்டாயிரம் மில்லிமீட்டருக்கு மேல் மழை பெறும் தீவு இது. விடியற்காலையில் காற்றின் ஈரப்பதம் நூற்றுக்குத் தொண்ணூறைத் தாண்டி நிற்கும்; மழையற்ற நாளின் பிற்பகலிலும் அறுபது அளவில்தான் இறங்கும். இத்தகைய நாட்டில் நின்ற பச்சை மரம் தானே பற்றி எரிதல் அரிதினும் அரிது. ஆயினும், இத்தீவின் வரலாற்றில் தீயைப் பற்றிய அச்சம் இல்லாத தலைமுறை ஒன்றும் இல்லை. எரிந்தது எப்பொழுதும் காடு அன்று. காடு இருந்த இடத்தில் பின்னர் வந்து குடியேறிய பொருள்களே எரிந்தன. முதலில் புல், பிறகு ஓலைக்கூரை, அதன் பின்னர் கடலுக்கு அப்பாலுள்ள சேற்று நிலம். இந்த வரிசையை உணராதார்க்குத் தீ இடரைக் கணிக்கும் கலையின் வரலாறு விளங்காது.

தீ இடர் கணித்தல் என்பது தீயைக் கண்டுபிடித்தல் அன்று. தீ இன்னும் தோன்றாத நாளில், இன்று ஒரு கொள்ளி விழுந்தால் பற்றுமா, பற்றினால் எவ்வளவு விரைந்து பரவும், அணைத்தால் அணையுமா என்று முன்கூட்டியே உரைப்பதாகும். இதற்கு இரண்டு வினாக்கள் போதும். வானம் எந்நிலையில் உள்ளது? தரையில் கிடக்கும் எரிபொருள் எந்நிலையில் உள்ளது? வெப்பம், ஈரப்பதம், காற்று, மழை ஆகிய நான்கும் முதல் வினாவைச் சார்ந்தவை. புல், சருகு, சுள்ளி, கட்டை, மக்கு ஆகியன இரண்டாவதைச் சார்ந்தவை.

தமிழாசிரியர்க்கு இக்கருத்து முற்றிலும் புதிதன்று. பாலை என்பது தனியொரு நிலம் அன்று என்பதும், முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தம் இயல்பு கெட்டுத் திரிந்த நிலையே பாலை என்பதும் இளங்கோவடிகள் காட்டிய நெறி. நிலம் ஒன்றே, நிலை வேறு. முல்லை என்றைக்குப் பாலையாகிறது என்னும் நாளைக் குறித்துக் கொடுப்பதே தீ இடர் கணிப்பின் வேலை. பண்டைத் தமிழன் அதைக் கண்ணாலும் கையாலும் அறிந்தான். குறிஞ்சியில் தினைப்புனத்துக்காகக் காட்டை வெட்டிச் சுட்டவன், வெட்டிய தழை எத்தனை நாள் காய வேண்டும், எந்தக் காற்றில் சுடலாகாது என்பதை அறியாமல் அதனைச் செய்திருக்க இயலாது.

காசுக்கட்டி அழித்த காடு

1819-ஆம் ஆண்டில் ராபிள்ஸ் இத்தீவில் இறங்கியபோதே இங்குச் சீனக் குடியானவர்கள் கம்பீர் பயிரிட்டு வந்தனர். வெற்றிலையுடன் நம்மவர் மெல்லும் காசுக்கட்டியின் இனத்தைச் சேர்ந்த சாறு கம்பீர் இலையிலிருந்து கிடைக்கிறது. தோல் பதனிடுவதற்கு இது ஐரோப்பாவில் மிகுதியாக வேண்டப்பட்டமையால், பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தீவெங்கும் கம்பீர்த் தோட்டங்கள் பரவின. மிளகும் உடன் பயிராயிற்று.

கம்பீர் இலையைக் கொதிக்க வைத்தே சாறு எடுத்தல் வேண்டும். அடுப்பு ஓயாது எரிய வேண்டுமாதலால் விறகு வண்டி வண்டியாக வேண்டியிருந்தது. தோட்டத்துக்கு எவ்வளவு காடு அழிந்ததோ, ஏறத்தாழ அவ்வளவு காடு அடுப்புக்கும் அழிந்தது எனலாம். சுமார் பதினைந்து ஆண்டுகளில் மண் வளம் குன்றும். குடியானவன் தோட்டத்தைக் கைவிட்டு அடுத்த காட்டுக்குச் செல்வான். நாளடைவில் ஜொகூருக்கே சென்றான். அவன் விட்டுச் சென்ற வெற்று நிலத்தில் குடியேறியது லாலாங் புல்.

மலாயாவில் தோட்டப்புறத்தில் வாழ்ந்த தமிழர்க்கு லாலாங்கை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. மார்பளவு உயர்ந்து, வாள் போன்ற இலையுடனும் வெண்பஞ்சு போன்ற பூவுடனும் நிற்கும் இப்புல்லைக் கொத்திக் கொத்திக் கை காய்த்தவர்கள் அவர்கள். இதன் இயல்பு விந்தையானது. ஐந்தாறு நாள் மழை இல்லாதுபோயின், அடியிலுள்ள பழைய இலைகள் சருகாகித் தாளைப்போல் எரியும். மேற்பகுதி முழுவதும் எரிந்து சாம்பலானாலும் மண்ணுக்குள் ஓடும் தண்டு சாவதில்லை. அடுத்த மழைக்கு அதுவே முதலில் தளிர்க்கும். ஆனால் அதனிடையே முளைத்த மரக்கன்று அத்தீயில் மாண்டு போகும். ஆகவே, தீ லாலாங்குக்குப் பகையன்று, காவல். எரியும்தோறும் புல் வெல்கிறது, காடு தோற்கிறது. இப்புல்லைக் கொல்லவல்லது நிழல் ஒன்றே.

1880-ஆம் ஆண்டில் நதானியல் காண்ட்லி என்பார், நம்மவர் பூமலை என வழங்கும் தாவரத் தோட்டத்தின் கண்காணிப்பாளராக வந்தார். நீரிணைக் குடியேற்ற நாடுகளின் காடுகளைப் பற்றி அவர் 1883-இல் ஓர் அறிக்கை அளித்தார். சிங்கப்பூர்த் தீவில் எஞ்சிய காடு நூற்றுக்கு ஏழு பங்கு அளவே என்பது அவர் மதிப்பு. அதன் பயனாகவே காப்புக்காடுகள் ஏற்பட்டன. புக்கிட் தீமா அவற்றுள் ஒன்று. (பெயரில் தீ ஒலித்தாலும் நெருப்புக்கும் அம்மலைக்கும் தொடர்பில்லை. மலாய் மொழியில் தீமா என்பது வெள்ளீயம்.)

காப்புக்காடு என்று வரைபடத்தில் கோடு போடுவது எளிது. அக்கோட்டைச் சுற்றிக் கடலைப்போல் லாலாங் நின்றது. வறண்ட நாளில் எவனோ ஒருவன் தன் நிலத்தைச் சுட்டால் அது காட்டின் ஓரத்தைக் கடித்துக்கொண்டே உள்ளே வந்தது. ஆண்டுதோறும் ஓரம் தேய்ந்தால் நடு எத்தனை நாள் நிற்கும்? எனவே அக்காலக் காடு காப்போர் செய்தவை இரண்டு: புல்லை வெட்டி வெற்றிடமாக்கித் தீத்தடுப்புப் பாதை அமைத்தல்; விரைந்து வளர்ந்து நிழல் தரும் மரங்களை ஓரத்தில் நட்டுப் புல்லை அடக்குதல். இரண்டும் எரிபொருளைப் பற்றிய செயல்களே. வானத்தை எவரும் மாற்ற இயலாது. தரையில் கிடப்பதை மாற்றலாம். காண்ட்லியும், 1888-இல் அவருக்குப் பின்வந்த ரிட்லியும் இதனைச் செயலில் காட்டினர். ரிட்லியை நாம் ரப்பரின் தந்தையாக மட்டும் நினைவு கூர்கிறோம். காடு காத்தவராக நினைப்பார் குறைவு.

மருத்துவமனையில் ஒரு மழைமானி

இனி வானத்தின் பக்கம் வருவோம். சிங்கப்பூரில் மாத மழையளவுப் பதிவு 1869-ஆம் ஆண்டிலிருந்து தொடர்ந்து கிடைக்கிறது. அந்நாளில் வானிலைக்கெனத் தனித்துறை இல்லை. மழையையும் வெப்பத்தையும் அளந்து குறித்தோர் மருத்துவத் துறையினரே. காற்றின் ஈரமும் வெப்பமும் காய்ச்சலுக்குக் காரணமாகும் என்று அந்நாளைய மருத்துவர் கருதியதே இதற்குக் காரணம். அவ்வாறு குறிப்பெடுக்கப்பட்ட இடங்களுள் கண்டாங் கிர்பாவ் மருத்துவமனையும் ஒன்று. இன்று நாம் தேக்கா என்றும் லிட்டில் இந்தியா என்றும் வழங்கும் வட்டாரத்தின் விளிம்பில் நின்றது அது. கண்டாங் கிர்பாவ் என்பதற்கு எருமைக் கொட்டில் என்பது பொருள். சிராங்கூன் சாலையின் மாட்டு வணிகமும் பபலோ சாலையின் பெயரும் அதனோடு ஒட்டியவை. மாட்டுக்குப் புல் அறுத்த தமிழன் அருகிலிருக்க, காய்ச்சலுக்காக அளந்த மழைக்கணக்கு பின்னாளில் வறட்சியையும் தீயையும் ஆராய்வோர்க்கு அடிப்படை ஆயிற்று.

அக்கணக்கு சொல்லும் செய்தி யாது? சிங்கையில் வறண்ட மாதம் பிப்ரவரி. வடகிழக்குப் பருவக்காற்றின் முற்பகுதியாகிய டிசம்பரும் ஜனவரியும் கொட்டித் தீர்க்க, பிற்பகுதியில் காற்று மட்டும் வீசும், மழை குன்றும். இக்காலத்திலேயே தோட்டங்களில் ரப்பர் மரம் இலை உதிர்க்கிறது. பால்வெட்டுக்குச் செல்வோரின் காலடியில் சருகு நொறுங்கும் ஒலியே அம்மாதங்களின் அடையாளம். ஒரு பிடி சருகை அள்ளிக் கசக்கிப் பார்த்து, அது துவண்டால் அச்சமில்லை, பொடியானால் ஆபத்து என்று கண்டவர் எந்தக் குறியீட்டையும் கற்றவர் அல்லர். ஆயினும் அவர் கண்டது சரியே. மேற்சருகின் ஈரத்தை அளக்கும் இன்றைய குறியீடும் அதைத்தான் கணக்காக்குகிறது.

வறட்சியை நாள்களால் எண்ணும் வழக்கமும் உண்டு. ஒரு நாளின் மழை 1 மில்லிமீட்டருக்குக் குறைவாக, தொடர்ந்து 15 நாள்களேனும் நீடித்தால் அதனை வறள்காலம் என்று சிங்கப்பூர் வானிலை ஆய்வகம் வகுத்திருக்கிறது. 2014-ஆம் ஆண்டில் ஜனவரி 13 முதல் பிப்ரவரி 8 வரை 27 நாள்கள் அவ்வாறு நீடித்தன. அந்த பிப்ரவரி மாதம் முழுவதும் சாங்கி நிலையத்தில் பெய்த மழை 0.2 மில்லிமீட்டர் மட்டுமே. 1869 முதலான பதிவில் அதைவிட வறண்ட மாதம் அதுவரை இல்லை. திடல்கள் பழுத்தன, சாலையோரப் புல்லும் புதரும் பற்றி எரிந்தன.

இங்கே ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. பிப்ரவரி 8-உடன் வறள்காலம் முடிந்தது என்று ஏடு சொல்கிறது. ஏனெனில் தீவில் எங்கோ சிறிது மழை விழுந்துவிட்டது. ஆனால் சாங்கியின் கணக்கில் மாதம் முடியும்வரை வறட்சியே. வெறும் நாள் எண்ணிக்கை, தூறலுக்கும் மழைக்கும் வேறுபாடு காண்பதில்லை. ஒரு மில்லிமீட்டர் தூறல் புல்நுனியை நனைக்கும். புல்லின் அடியிலுள்ள மக்குக்கு அது சென்று சேர்வதே இல்லை. தீ இடரை அறிய நாள் எண்ணினால் போதாது, எந்த எரிபொருள் எவ்வளவு ஈரத்தை வைத்திருக்கிறது என்று எண்ண வேண்டும். இவ்வறிவு வளர்ந்த இடம் வெப்பநாடு அன்று.

கனடா நாட்டுக் கணக்கு

1925-ஆம் ஆண்டில் கனடாவின் வனத்துறையில் பணிபுரிந்த ரைட் என்பார், ஊசியிலைக் காட்டுச் சருகின் ஈரத்துக்கும் காற்றின் ஈரப்பதத்துக்கும் உள்ள தொடர்பை ஆராயத் தொடங்கினார். பெட்டவாவா என்னும் இடத்திலிருந்த ஆய்வுக்காட்டில் சருகை எடை போட்டும், சிறு தீ மூட்டியும் பல்லாண்டு சோதனைகள் நிகழ்ந்தன. இத்தொடரின் முதிர்ந்த கனியாக 1970-இல் தீ வானிலைக் குறியீட்டு முறை வெளிவந்தது. இதனை உருவாக்கியோருள் முதன்மையானவர் வான் வாக்னர்.

ஆஸ்திரேலியாவின் வழி சற்று வேறு. அங்கே மெக்கார்தர் என்பார் வட்டத் தகடுகளைச் சுழற்றி இடரைக் காணும் கருவி ஒன்றை அமைத்தார். 71 பேரைப் பலிகொண்ட 1939 ஜனவரி 13-ஆம் நாளின் விக்டோரியாத் தீயே அவர் அளவுகோலில் 100 என்னும் எல்லை. கொடிய நாள் ஒன்றை அளவுகோலின் முனையாக நிறுத்தியமை நேர்மையான செயலே. எனினும் அதனினும் கொடிய நாள்கள் பின்னர் வந்து அம்முனையைத் தாண்டின.

கனடா முறையின் சிறப்பு, தரையை மூன்று அடுக்காகப் பிரித்தமை. சமையற்கட்டில் விறகடுப்பு மூட்டியவர்க்கு இது எளிதில் விளங்கும். முதலில் தென்னம்பாளையின் மெல்லிய சிம்பு, அதன்மேல் மட்டை, அதன்மேல் கட்டை. சிம்பு அரைநாள் வெயிலில் காயும்; அரை நொடித் தூறலில் நனையும். கட்டையோ காய்வதற்கு வாரங்கள் வேண்டும். காய்ந்தபின் ஒரு தூறலுக்கு அசையாது. காட்டுத் தரையும் அவ்வாறே. மேலே ஓரிரு சென்டிமீட்டர் அளவில் கிடக்கும் நுண்சருகு முதல் அடுக்கு. அதன் கீழ் ஏழு சென்டிமீட்டர் ஆழமளவில் தளர்ந்து மக்கிய பொருள் இரண்டாம் அடுக்கு. அதற்கும் கீழே, பதினெட்டு சென்டிமீட்டர் ஆழமளவில் இறுகிய மக்கு மூன்றாவது. தன்னிடமிருந்து நீங்கத்தக்க ஈரத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை இழக்க முதல் அடுக்குக்கு ஒரு நாளுக்கும் குறைவான நேரம் போதும். இரண்டாவதற்குச் சுமார் 12 நாள்கள். மூன்றாவதற்கு 52 நாள்கள்.

மழையைக் கொள்வதிலும் இவை வேறுபடும். 0.5 மில்லிமீட்டர் வரையுள்ள தூறலை முதல் அடுக்கின் கணக்கில் சேர்ப்பதில்லை, இரண்டாவதில் 1.5 வரையும், மூன்றாவதில் 2.8 வரையும் சேர்ப்பதில்லை. அவ்வளவு நீரை இலைக் கவிகையும் மேலடுக்கும் உறிஞ்சிவிடும். வறள்காலம் முடிந்தது என்று ஏட்டில் எழுதச்செய்யும் தூறல், மூன்றாம் அடுக்குக்குப் பெய்யாத மழை. மேலே கண்ட 2014-ஆம் ஆண்டு முரண்பாட்டுக்கு விடை இதுவே.

நாள்தோறும் நண்பகலில் வெப்பம், ஈரப்பதம், காற்று வேகம், முந்தைய 24 மணி நேர மழை ஆகிய நான்கையும் குறித்தால் போதும். நேற்றைய எண்ணோடு இன்றைய நிலையைச் சேர்த்து மூன்று அடுக்கின் எண்களும் கிடைக்கும். முதல் அடுக்கின் எண்ணோடு காற்றைச் சேர்த்தால் தீ எவ்வளவு விரைவாகப் பரவும் என்பது வரும். மற்ற இரண்டையும் சேர்த்தால் எரியக் காத்திருக்கும் பொருளின் அளவு வரும். இவ்விரண்டின் கூட்டே இறுதிக் குறியீடு. பள்ளிப் பிள்ளையின் வரவு செலவுக் கணக்கு போன்றது இது. ஈரம் வரவு, வெயில் செலவு. நேற்றைய இருப்பு தெரியாதவன் இன்றைய கணக்கைப் போட முடியாது என்பதே இதன் உயிர்நாடி.

ஓலைக்கூரையும் காற்றும்

தீவுக்குத் திரும்புமுன் ஒரு செய்தியை இடையே கூற வேண்டும். சிங்கையின் பெருந்தீக்கள் காட்டில் நிகழவில்லை, நகரில் நிகழ்ந்தன. 1830-இல் பிலிப் தெருவில் எழுந்த தீ, பின்னாளில் செட்டியார் கிட்டங்கிகளால் பெயர்பெற்ற மார்க்கெட் தெருவின் ஒரு பக்கத்தையும் உண்டது. தீயணைக்கும் பொறிகள் போதாத அந்நூற்றாண்டில், இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தண்டனைக் கைதிகள் சாலை போட்டதோடு தீயணைக்கவும் அழைக்கப்பட்டனர். தமிழர் உட்பட அம்மக்கள் பெயரற்றவராய்ச் செய்த தொண்டு அது.

1961 மே 25, ஹஜ்ஜுப் பெருநாள். அன்று பிற்பகல் புக்கிட் ஹோ சுவீ வட்டாரத்தில் பற்றிய தீ ஏறத்தாழ 16,000 பேரை வீடற்றவராக்கியது, நால்வர் மாண்டனர். மே மாதம் சிங்கையில் வறண்ட மாதங்களுள் முதலானது அன்று. மாதக்கணக்கு பார்த்திருந்தால் அந்நாளை எவரும் அஞ்சியிரார். ஆனால் கூரைகள் நீப்பா ஓலை; சுவர்கள் பலகை; வீட்டுக்கு வீடு இடைவெளி இல்லை; காற்று பலமாக வீசியது. ஓலை மழையில் நனைந்தாலும் சரிவாகக் கிடப்பதால் ஒரு பிற்பகல் வெயிலில் காய்ந்துவிடும். கனடாக் கணக்கின் மொழியில் சொன்னால், அது முழுவதும் முதல் அடுக்கு. எரியும் ஓலை காற்றில் பறந்து சாலையைத் தாண்டி விழுந்தது. எரிபொருளின் அமைப்பு மாறினால் பருவத்தின் பொருளே மாறிவிடும் என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டா. அவ்விடத்தில் பின்னர் அடுக்குமாடி வீடுகள் எழுந்தன. வெயிலும் காற்றும் அன்றுபோலவே இருக்கின்றன. எரிவதற்கு ஓலை இல்லை.

புல்லின் தீயும் மக்கின் தீயும்

தமிழகத்தில் 2018 மார்ச் 11-ஆம் நாள், தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் மலையேறச் சென்றோர் தீயில் சிக்கி இருபதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். காய்ந்த புல்லும் புதரும், சரிவும், மாறும் காற்றும் சேர்ந்தால் புல்தீ மனிதனின் ஓட்டத்தை வெல்லும். அது விரைந்து வந்து விரைந்து அவியும். சில மணி நேரத்துக்கு ஒருமுறை வானில் கடக்கும் செயற்கைக்கோள் அதனைக் காணுமுன்னரே கதை முடிந்துவிடக் கூடும். 2004 முதல் இந்திய வன ஆய்வு நிறுவனம் செயற்கைக்கோள் வழியே தீயறிவிப்பு அனுப்பி வருவது பெரும் பயனுடையதேயாயினும், புல்தீக்கு முன்கணிப்பே காவல்.

சிங்கையைத் துன்புறுத்திய புகையின் பிறப்பிடம் வேறு. சுமத்ராவின் கீழ்க்கரையிலும் களிமந்தானிலும் பல்லாயிரம் ஆண்டுகளாக நீருக்கடியில் முற்ற மக்காமல் கிடக்கும் இலை, வேர், மரம் இவற்றால் ஆன நிலம் உண்டு. பீட் மண் எனப்படும் அது பல மீட்டர் ஆழம் கொண்டது. நீர் நிறைந்திருக்கும்வரை அதற்குத் தீ இல்லை. கால்வாய் வெட்டி நீரை வடித்தால் நிலமே விறகாகிவிடும். அதில் தீ சுடர்விடாது. உமிச்சட்டியின் கங்கைப்போல் உள்ளேயே கனன்று, வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் புகை கக்கும். மேலே மழை பெய்தாலும் கீழே அணையாது.

1982-83 ஆண்டுகளில் கிழக்குக் களிமந்தானில் முப்பது இலட்சம் எக்டருக்கு மேல் எரிந்தது. 1995-இல் இந்தோனேசிய அரசு நடுக்களிமந்தானில் பத்து இலட்சம் எக்டர் சேற்று நிலத்தை நெல்வயலாக்க முனைந்து கால்வாய்கள் வெட்டியது. நெல் விளையவில்லை, நீர் வடிந்தது. 1997-இல் எல் நினோ என்னும் பெருங்கடல் மாற்றத்தால் மழை பொய்த்தபோது அந்நிலமும் சுமத்ராவும் எரிந்தன. 1997-98 தீயில் அந்நாட்டில் எரிந்த பரப்பு ஒரு கோடி எக்டரை நெருங்கியது என்பது பின்னாளைய மதிப்பீடு. அவ்வாண்டுச் செப்டம்பரில் சிங்கையின் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு உடல்நலத்துக்கு ஒவ்வாத அளவைத் தொட்டது. சரவாக்கின் கூச்சிங்கில் மக்கள் பட்ட பாடு இதனினும் பன்மடங்கு. சிராங்கூன் சாலையில் தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் எதிர்ச்சாரிக் கடையின் பெயர்ப்பலகை மங்கித் தெரிந்தது என்றால், எரிந்தது இங்குள்ள மரம் ஒன்றுமில்லை.

ஆகவே சிங்கை, தன் காட்டை அன்றிப் பிறர் காட்டைக் கணிக்கும் நாடாயிற்று. ஆசியான் சிறப்பு வானிலை ஆய்வு மையம் 1993 ஜனவரியில் சிங்கப்பூர் வானிலைத் துறையின்கீழ் அமைந்தது. செயற்கைக்கோளில் தெரியும் வெப்பப் புள்ளிகள், மழை நிலை, காற்றின் திசை ஆகிய மூன்றையும் சேர்த்து, படிமுறையான எச்சரிக்கை நிலைகளை அது அறிவிக்கிறது. காற்றின் திசை அக்கணக்கில் இடம்பெறுவது கருதத்தக்கது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஜூன் முதல் செப்டம்பர் வரை சுமத்ராவின் புகை சிங்கையை நோக்கி வரும். புகை எங்குப் போகும் என்பது தீ இடரின் பகுதி அன்று. அண்டை வீட்டான் கேட்கும் கேள்வி அது. சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் தொலையுணர்வு மையமும் 1997-இல் செயற்கைக்கோள் படங்களால் எரிந்த இடங்களைக் காட்டியது. தீ பெரும்பாலும் நேர்கோட்டு எல்லையுடைய நிலங்களில் எழுந்தமை அப்படங்களில் புலப்பட்டது. இயற்கை நேர்கோடு போடுவதில்லை.

கனடா முறையும் அக்காலத்தில்தான் இப்பகுதிக்கு வந்தது. 1999 முதல் கனடிய வனத்துறையின் துணையோடு மலேசியாவுக்கும் இந்தோனேசியாவுக்கும் ஏற்ப அதனைத் திருத்தினர். பனி நாட்டு ஊசியிலைக்கு வகுத்த எண்ணை லாலாங்குக்கு அப்படியே பொருத்தலாகாது என்பதால், வெப்பநாட்டுப் புல்லை எரித்துப் பார்த்தனர். ஈரம் ஏறத்தாழ நூற்றுக்கு 35-க்குக் கீழே இறங்கினால் புல் பற்றும் என்று கண்டனர். முதல் அடுக்கின் எண் புல் பற்றுவதற்கு அறிகுறியாயிற்று. 52 நாள் கணக்கான மூன்றாம் அடுக்கின் எண்ணோ, பீட் மண் புகைவதற்கும் புகைமூட்டத்துக்கும் அறிகுறியாகப் பயன்பட்டது. பனிக்காட்டு மக்குக்கு வகுத்த எண், நிலநடுக்கோட்டுச் சேற்றுக்கு இவ்வளவு பொருந்தியமை வியப்புக்குரியதே.

எண் சொல்லாதது

இம்முறையின் குறை ஒன்றையும் மறைக்கலாகாது. குறியீடு வானத்தை அளந்து தரையை ஊகிக்கிறது. கால்வாய் வெட்டி நீரை வடித்த நிலத்துக்கும் வடிக்காத நிலத்துக்கும் அது ஒரே எண்ணைத் தரும். ஏனெனில் இரண்டின் மேலும் பெய்யும் மழை ஒன்றே. 2013 ஜூன் 21-ஆம் நாள் சிங்கையில் மூன்று மணி நேரக் குறியீடு 401-ஐ எட்டியது. அவ்வாண்டு எல் நினோ ஆண்டு அன்று. ரியாவ் வட்டாரத்தில் வறட்சி நீடித்தது குறுகிய காலமே. எரிந்ததில் பெரும்பகுதி முன்னமே மரம் அழிக்கப்பட்டிருந்த பீட் நிலம் என்பது பின்னர் ஆராய்ந்து அறியப்பட்டது. எல் நினோ மீது பழி சுமத்தும் வழக்கம் அரசியலாருக்கும் நிறுவனத்தாருக்கும் வசதியானது. வானத்தை வழக்குமன்றத்துக்கு இழுக்க இயலாதன்றோ! கம்பீர்க் குடியானவன் விட்டுச் சென்ற லாலாங்கு போன்றதே இதுவும். காட்டை எடுத்தவர் எரிபொருளை வைத்துச் சென்றார். பிறகு வந்த வறட்சி சிறிதாயினும் போதுமானதாயிற்று.

2002 ஜூன் 10-இல் கோலாலம்பூரில் கையெழுத்தான எல்லைகடந்த புகைமூட்ட ஒப்பந்தம் 2003-இல் நடைமுறைக்கு வந்தது. இந்தோனேசிய நாடாளுமன்றம் அதனை ஏற்றது 2014-இல்தான். அவ்வாண்டே சிங்கப்பூர், வெளிநாட்டில் தீயிட்டுப் புகை விளைவிக்கும் நிறுவனங்கள்மேல் வழக்கிடச் சட்டம் இயற்றியது. அடுத்த ஆண்டு, 2015 செப்டம்பர் 25-இல், புகையால் சிங்கைப் பள்ளிகள் மூடப்பட்டன.

அதற்குள் ஓர் அளவுகோல் மட்டும் இடம் மாறியிருந்தது. 2014-ஆம் ஆண்டு இந்தோனேசிய அரசாணை, வேளாண்மைக்கு எடுத்த பீட் நிலத்தில் நிலத்தடி நீர்மட்டம் மேற்பரப்பிலிருந்து 40 சென்டிமீட்டருக்குக் கீழே இறங்கலாகாது என்று விதித்தது. 2016 ஜனவரியில் பீட் நில மீட்பு முகமை அமைந்து, வெட்டிய கால்வாய்களுக்கு அணை போடும் பணி தொடங்கிற்று. நிலத்தில் குழாயை இறக்கி உள்ளே நீர் எங்கு நிற்கிறது என்று பார்ப்பது, நண்பகல் வெப்பமானியைப் பார்ப்பதினும் எளிது. 2019-இல் மீண்டும் வறட்சி வந்தபோது அந்நாட்டில் பதினாறு இலட்சம் எக்டர் அளவு எரிந்தது. அவ்வாண்டுச் செப்டம்பரில் சிங்கையின் காற்றும் மீண்டும் உடல்நலத்துக்கு ஒவ்வாத நிலையை அடைந்தது. குழாய்கள் எல்லா இடத்திலும் இறக்கப்படவில்லை. இறக்கிய இடங்களிலும் நீர் 40 சென்டிமீட்டரில் நிற்கவில்லை.